பிறவியிலேயே வளைந்த முதுகும் சாய்ந்த இடுப்பும்: அறுவை சிகிச்சை எதைத் திருத்துகிறது, எப்போது திருத்துகிறது

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டம் முதல் களியக்காவிளை வரையிலும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குழந்தையின் முதுகு வளைந்திருப்பது தெரியவந்தால், மருத்துவரின் சொல்லுக்கு முன்பே பல அறிவுரைகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. வளர வளரத் தானே நேராகிவிடும் என்பார் ஒருவர். எண்ணெய் போட்டுத் தடவினால் எலும்பு இடத்துக்கு வரும் என்பார் இன்னொருவர். பதினெட்டு வயதுக்கு முன் கத்தி வைத்தால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்றும், முதுகைத் தொட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்றும் சொல்பவர்களும் உண்டு. இவற்றுள் சில முழுத் தவறு; சில பாதி உண்மை. பாதி உண்மையாக இருப்பவைதான் பெற்றோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கின்றன.

பிறவி முதுகு வளைவைப் பற்றி ஒரு குடும்பம் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது என்று நான் கருதுவது இது: இன்றைக்கு வளைவு எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, குழந்தைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கிறது என்ற இரண்டுமே சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. அது ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

தண்டும் அடித்தளமும்

முதுகுத்தண்டு, முள்ளெலும்புகள் எனப்படும் சிறு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பு. கழுத்தில் ஏழு, மார்பின் பின்புறம் பன்னிரண்டு, இடுப்புக்கு மேல் ஐந்து என இருபத்துநான்கு முள்ளெலும்புகள் தனித்தனியே அசையக்கூடியவை. அவற்றுக்குக் கீழே ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இணைந்து திருவெலும்பு என்ற முக்கோண எலும்பாகின்றன. அதன் நுனியில் வாலெலும்பு இருக்கிறது. இந்த அடுக்கின் நடுவே ஓடும் குழாயில், மூளையிலிருந்து கை கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்புகளின் கற்றையான தண்டுவடம் பாதுகாப்பாக அமைந்திருக்கிறது.

திருவெலும்பின் இருபுறமும் இரண்டு இடுப்பெலும்புகள் சேர்ந்து முன்பக்கம் ஒன்றையொன்று சந்திக்கும்போது இடுப்புக்கூடு உருவாகிறது. மேலே முதுகுத்தண்டையும் கீழே இரு கால்களையும் இணைப்பது இந்தக் கூடுதான். ஆகவே தண்டு சாய்ந்தால் கூடு சாயலாம். கூடு சாய்ந்தால் தண்டு வளையலாம். எதில் முதலில் பிழை ஏற்பட்டது என்பதைக் கண்டறிவதிலேயே மருத்துவரின் பாதி வேலை அடங்கியிருக்கிறது.

வளரும் கற்களால் எழுப்பிய சுவர்

நம் பக்கத்தில் வெட்டுக்கல் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கல்லும் ஒரே உயரத்தில் இருந்தால் சுவர் நேராக எழும். ஏதோ ஒரு வரிசையில், ஒருபுறம் முழு உயரமும் மறுபுறம் ஒன்றுமில்லாமலும் ஆப்புபோலச் செதுக்கிய கல் ஒன்றை வைத்துவிட்டால், அதற்கு மேலே வைக்கும் கற்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே தீரும். இப்போது அந்தக் கற்கள் உயிருள்ளவை என்றும், ஒவ்வொன்றும் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் ஆண்டுதோறும் சிறிது வளர்கின்றன என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆப்புக்கல் தடித்த பக்கத்தில் மட்டுமே வளரும். சாய்வு ஆண்டுக்கு ஆண்டு கூடும். இன்னொரு வகைப் பிழையும் நேரலாம். இரண்டு மூன்று கற்களின் ஒரு விளிம்பில் மட்டும் சிமெண்டு இறுகி அவற்றை ஒட்டிவிட்டால், அந்தப் பக்கம் வளர வழியில்லை. எதிர்ப்பக்கமோ தடையின்றி வளரும். சுவர் ஒட்டிய பக்கம் நோக்கி வளையும்.

பிறவி வளைவில் நடப்பது இதுவேதான். கல்லின் முகங்களில் நடப்பதாகச் சொன்ன வளர்ச்சி, முள்ளெலும்பின் மேலும் கீழும் உள்ள வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படலத்தில் நடக்கிறது. ஆப்புக்கல்லுக்கு இணையானது அரை முள்ளெலும்பு. மருத்துவச் சீட்டில் ஹெமிவெர்டிப்ரா என்று எழுதுவார்கள். முள்ளெலும்பின் ஒரு பாதி உருவாகாமலே போனதால் வருவது அது. சிமெண்டால் ஒட்டியதற்கு இணையானது ஒருபக்கப் பாலம். அடுத்தடுத்த முள்ளெலும்புகள் கருவில் முழுமையாகப் பிரியாமல் ஒரு பக்கத்தில் எலும்பாகவே இணைந்திருக்கும் நிலை அது. இரண்டு முள்ளெலும்புகள் எல்லாப் பக்கமும் சமமாக ஒட்டியிருந்தால் வளைவு பெரும்பாலும் வராது. அந்தப் பகுதி சற்றுக் குட்டையாக இருப்பதோடு போய்விடும்.

வளைவு எந்தத் திசையிலும் வரலாம். பக்கவாட்டு வளைவை ஸ்கோலியோசிஸ் என்றும், முன்னோக்கிக் குனியும் வளைவை, அதாவது கூனை, கைபோசிஸ் என்றும் அழைக்கிறார்கள். முள்ளெலும்பின் பக்கப் பாதி இல்லாதபோது முதலாவதும், முன்பாதி இல்லாதபோது இரண்டாவதும் வரும். தண்டுவடத்தை அழுத்தி, சிகிச்சையின்றி விட்டால் கால்களைச் செயலிழக்கச் செய்யும் அபாயம் கூனில் அதிகம் என்பதால், பிறவிக் கூனில் மருத்துவர்கள் காத்திருக்கத் தயங்குகிறார்கள்.

சுருங்கச் சொன்னால், பிறவி வளைவு எலும்பின் வடிவத்திலேயே அமைந்த பிழை. தசையின் பலவீனமோ, உட்காரும் முறையோ, புத்தகப்பையின் எடையோ அதற்குக் காரணமில்லை. வளர்ச்சி அந்தப் பிழையைப் பெருக்குகிறது.

எந்த வாரத்தில், யாருடைய தவறால்

கருவில் முள்ளெலும்புகளுக்கான அச்சு நான்காவது வாரம் முதல் ஆறாவது வாரத்துக்குள் இடப்பட்டுவிடுகிறது. பல தாய்மார்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். எனவே ஏழாம் மாதத்தில் குடம் தூக்கியது, கிரகணத்தன்று வெளியே வந்தது, பேருந்தில் நின்று பயணம் செய்தது என்று தாயின்மேல் சுமத்தப்படும் காரணங்கள் எதற்கும் இதில் இடமில்லை. அந்த நாட்களுக்கு மிக முன்பே எலும்பின் வடிவம் முடிவாகிவிட்டிருக்கும். ஒரு குழந்தையின் முதுகுக்காக அதன் தாய் வாழ்நாள் முழுவதும் குற்றவாளியாக நிற்கும் வீடுகள் இந்தப் பகுதியில் உள்ளன. இந்த ஒரு செய்தியாவது அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இத்தகைய முள்ளெலும்புக் குறை காணப்படுகிறது. பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை. ஒரே ஒரு அரை முள்ளெலும்பு மட்டும் உள்ள குழந்தைக்குப் பின் பிறக்கும் தம்பி தங்கைக்கும் அது வருவது அரிது. விதிவிலக்குகள் இரண்டைச் சொல்ல வேண்டும். கருவுறும் முன்பிருந்தே கட்டுப்படாத நீரிழிவு உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு, திருவெலும்பு பகுதியாகவோ முழுவதுமாகவோ உருவாகாத குறை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பல முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் சேர்ந்து சிதைந்திருக்கும் ஓர் அரிய வகை, பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பிழை வந்து சேரும்போது ஏற்படுகிறது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்கள் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

பதின்வயதில் வரும் வளைவு வேறு

பத்து வயதுக்குப் பின், நல்ல வடிவமுள்ள முள்ளெலும்புகளைக் கொண்ட பிள்ளைகளுக்கும் காரணம் தெரியாமல் பக்கவாட்டு வளைவு வருவதுண்டு. பொதுவாக மக்கள் கேள்விப்படுவது அந்த வகையைத்தான். அதில் உடலைச் சுற்றி அணியும் பட்டைக்கவசம் வளைவு கூடுவதைப் பலருக்குத் தடுக்கிறது. பிறவி வளைவில் எலும்பே ஆப்பு வடிவில் இருப்பதால், வெளியிலிருந்து அழுத்தும் கவசம் அந்த இடத்தை மாற்றுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெல்ட் போட்டுச் சரியானது என்ற செய்தியை நம் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கும் முன், இரண்டும் ஒரே நோயா என்று கேட்க வேண்டும்.

கோணமும் வேகமும்

வளைவை அளக்க எக்ஸ்ரே படத்தில் மிக அதிகம் சாய்ந்த மேல் முள்ளெலும்பின் மேல்விளிம்பிலும், கீழ் முள்ளெலும்பின் கீழ்விளிம்பிலும் கோடு இழுத்து, அவற்றுக்கிடையிலான கோணத்தைக் கணக்கிடுகிறார்கள். 1948-இல் இம்முறையை விளக்கிய அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் கோப் பெயரால் இது கோப் கோணம் எனப்படுகிறது. பத்துப் பாகைக்கு மேற்பட்டதையே பக்கவாட்டு வளைவு என்று ஏற்கிறார்கள். வெவ்வேறு நாளில் அளக்கும்போது நாலைந்து பாகை வேறுபடுவது இயல்பு. பிறவி வளைவில் எலும்பின் விளிம்புகள் ஒழுங்கற்றிருப்பதால் அந்த வேறுபாடு இன்னும் கூடலாம்.

இனி வேகம். இரண்டு முள்ளெலும்புகள் முழுதும் ஒட்டியிருக்கும் வகையில் வளைவு ஆண்டுக்கு ஒரு பாகைகூடப் பெரும்பாலும் கூடுவதில்லை. மேலும் கீழும் வளர்ச்சித் தட்டு உள்ள ஓர் அரை முள்ளெலும்பு ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று பாகை வரை கூட்டலாம். ஒரு பக்கம் பாலமும், அதே உயரத்தில் எதிர்ப்பக்கம் அரை முள்ளெலும்பும் இருந்தால் ஆண்டுக்கு ஐந்து பாகைக்கு மேலும், சில குழந்தைகளில் பத்துப் பாகை வரையிலும் கூடும். ஒரு பக்கம் வளராமலும் மறுபக்கம் இரட்டிப்பாக வளர்ந்தும் போவதால் இதுவே மிகக் கடுமையான வகை. ஆக, இரண்டு வயதில் இருபத்தைந்து பாகை வளைவுள்ள இரு குழந்தைகளில் ஒன்று பத்து வயதிலும் ஏறத்தாழ அப்படியே இருக்கலாம். மற்றது எழுபதைத் தாண்டியிருக்கலாம். முதல் நாள் படத்தில் உள்ள எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது. எலும்பின் வகையும் அடுத்தடுத்த படங்களுமே காட்டும்.

வளர்ச்சி எல்லா வயதிலும் ஒரே சீராக இருப்பதில்லை. முதல் ஐந்து ஆண்டுகளில் தண்டு ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஐந்து முதல் பத்து வயது வரை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பருவமடையும் காலத்தில் மீண்டும் விரைகிறது. பிறவி வளைவு மோசமாவதும் இந்த இரண்டு விரைவுக் காலங்களில்தான். இடைப்பட்ட அமைதியான ஆண்டுகளைப் பார்த்துவிட்டு "நின்றுவிட்டது" என்று முடிவு செய்யும் குடும்பங்கள் பருவ வயதில் அதிர்ச்சியடைகின்றன.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். ஒரு காய்ச்சலுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை, அடுத்த ஆண்டு திருவனந்தபுரம், இடையில் ஊரிலுள்ள தனியார் மருத்துவமனை என்று இரு மாநிலங்களுக்கும் இடையே போய்வருவது நமக்குப் பழக்கம். ஒவ்வோர் இடத்திலும் புதிய படம் எடுக்கப்படுகிறது. பழைய படம் பரணில் சுருண்டு கிடக்கிறது. எல்லா மருத்துவரும் "முதல் படத்தை" மட்டுமே பார்ப்பதால், கூடிக்கொண்டே போகும் கோணம் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஒரு குழந்தையின் அத்தனை எக்ஸ்ரே படங்களையும், குறுந்தட்டுகளையும், வீடு திரும்பும்போது தரும் சுருக்க அறிக்கைகளையும் தேதி எழுதி ஒரே பையில் வைத்திருப்பது, பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இதுவரை கூறியதில் நினைவில் கொள்ள வேண்டியவை: கோணம் ஒரு நாளின் நிலை; இரு படங்களுக்கிடையிலான வேறுபாடே நோயின் போக்கு; அந்தப் போக்கு எலும்புக் குறையின் வகையையும் வயதையும் பொறுத்தது.

முதுகோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

முள்ளெலும்பு உருவாகும் அதே வாரங்களில் சிறுநீரகமும் இதயமும் உருவாகின்றன. அதனால் பிறவி வளைவுள்ள குழந்தைகளில் கணிசமானோருக்கு ஒற்றைச் சிறுநீரகமோ, இதயத்தில் ஓட்டையோ, தண்டுவடத்திலேயே ஒரு குறையோ சேர்ந்திருக்கலாம். முதுகைக் காட்டப் போன இடத்தில் வயிற்று ஸ்கேனும் இதய எக்கோவும் எழுதித் தருவது அதனால்தான். அது தேவையற்ற செலவு என்று தவிர்க்கக் கூடாது.

தண்டுவடத்தை முழுதாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். தண்டுவடத்தின் கீழ்முனை கொழுப்புத் திசுவாலோ தடித்த நாராலோ கட்டுண்டு இழுபட்டிருக்கலாம். எலும்புத் துண்டொன்று அதை இரண்டாகப் பிளந்திருக்கலாம். இதைக் கவனிக்காமல் முதுகை நிமிர்த்தினால் கட்டுண்ட நரம்பு மேலும் இழுபடும். முதுகின் நடுக்கோட்டில் மயிர்க்கற்றை, குழி, நிறம் மாறிய தோல், மெத்தென்ற கட்டி, ஒரு பாதம் மற்றதைவிடச் சிறுத்திருத்தல், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவை உள்ளே இத்தகைய குறை இருப்பதற்கான வெளி அடையாளங்கள். குமரியின் வர்ம ஆசான்கள் மேல் மக்கள் வைத்திருக்கும் மதிப்பை நான் அறிவேன். சுளுக்குக்கும் தசைவலிக்கும் தடவுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆனால் ஆப்பு வடிவ எலும்பைத் தடவி முழு எலும்பாக்க எவராலும் இயலாது. கட்டுண்ட தண்டுவடம் உள்ள குழந்தையின் முதுகை மிதிப்பதும், முறுக்குவதும், தொங்கவிட்டு இழுப்பதும் மீளாத நரம்புக் கேட்டை உண்டாக்கக்கூடும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது நுரையீரலை. நுரையீரலின் காற்றறைகள் பெரும்பாலும் முதல் எட்டு ஆண்டுகளுக்குள் பெருகுகின்றன. அதற்கு இடம் வேண்டும். மார்புப் பகுதித் தண்டின் நீளம் பிறக்கும்போது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர், ஐந்து வயதில் 18, பத்து வயதில் 22. வளர்ச்சி முடிந்த பின்னும் அது 18 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டவர்களுக்கு மூச்சுத்திறன் பெரிதும் குறைகிறது. விலா எலும்புகளும் ஒட்டியிருந்தால் நிலை இன்னும் கடினம். ஆகவே சிறு குழந்தையின் முதுகில் செய்யும் அறுவை சிகிச்சை தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படுவது என்று எண்ண வேண்டாம். முப்பது வயதில் அந்தப் பிள்ளை மாடிப்படி ஏறும்போது விடும் மூச்சும் அதில் அடங்கியிருக்கிறது.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்

வளைவு கூடவில்லை என்றால் அறுவை தேவையில்லை. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை படம் எடுத்துக் கண்காணிப்பதே அப்போது சிகிச்சை. கூடுகிறது என்று தெரிந்தாலோ, நிச்சயம் கூடும் வகை என்று எலும்பின் அமைப்பே காட்டினாலோ அடுத்த படி வருகிறது.

பழைமையானதும் எளிமையானதும் எலும்பிணைப்பு. குறையுள்ள இடத்து முள்ளெலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, எலும்புத் துகள்களை இட்டு, அவை ஒன்றாக ஒட்டி வளரச் செய்வது. வளரும் பக்கத்தையும் நிறுத்திவிடுவதால் வளைவு அங்கேயே நிற்கும். ஆனால் இருக்கும் வளைவு அதனால் நிமிராது. பின்புறத்தை மட்டும் இணைத்து முன்புற வளர்ச்சியை விட்டுவிட்டால், தண்டு முறுக்கிக்கொண்டே வளையும் ஆபத்து சிறு குழந்தைகளுக்கு உண்டு.

அரை முள்ளெலும்பு ஒன்றே காரணமாக இருந்தால், அதையே அகற்றிவிடும் அறுவை இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ராயில் என்ற மருத்துவர் 1928-லேயே இதைப் பற்றி எழுதினார். ஆயினும் முதுகின் பின்வழியாக மட்டும் சென்று, மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளில் சிறு திருகாணிகளைப் பொருத்தி, ஆப்பை எடுத்த இடைவெளியைக் கம்பியால் நெருக்கி மூடும் முறை உறுதியான திருகாணிகள் வந்த பிறகே நிலைபெற்றது. கற்சுவரில் ஆப்புக்கல்லை உருவிவிட்டு மேல் வரிசையை இறக்கி வைப்பது போன்றதுதான் இது. ஆனால் கல்லுக்குப் பின்னே தண்டுவடம் இருக்கிறது. இரண்டு முதல் ஆறு வயதுக்குள், அதாவது மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகள் சாய்வுக்கு ஈடுகட்ட எதிர்த்திசையில் வளைந்து இறுகிவிடும் முன், இதைச் செய்தால் இரண்டு மூன்று எலும்புகளை இணைப்பதோடு முடித்துவிடலாம். தாமதித்தால் பத்துப் பன்னிரண்டு எலும்புகளை இணைக்க நேரும். பதினெட்டு வயது வரை பொறு என்ற அறிவுரையின் விலை இதுதான்.

தண்டின் பெரும்பகுதி வளைந்திருக்கும் சிறு குழந்தைக்கு எல்லாவற்றையும் இணைத்துவிட முடியாது. மார்பு குட்டையாகவே நின்றுவிடும். அத்தகையோருக்கு வளர்கம்பிகளைப் பயன்படுத்துகிறார்கள். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மட்டும் பிடிமானம் கொடுத்து, இடையிலுள்ள கம்பியை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு அறுவை மூலம் நீட்டிக்கொண்டே போவது இம்முறை. உள்ளே காந்தத்தால் இயங்கும் கம்பிகளில், வெளியிலிருந்து ஒரு கருவியை முதுகின்மேல் வைத்து அறுவையின்றியே நீட்டலாம். விலை மிக அதிகம், உலோகத் தேய்மானம் போன்ற சிக்கல்களும் உண்டு. விலா எலும்புகள் ஒட்டி மார்பே இறுகிப்போன குழந்தைகளுக்கு, விலாக்களைப் பிரித்து அவற்றின்மேல் நீளும் கம்பியைப் பொருத்தும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் சான் அண்டோனியோவில் ராபர்ட் கேம்ப்பெல் உருவாக்கிய கருவி அதற்கு வழிவகுத்தது.

மிகத் தாமதமாக வரும், இறுகிப்போன பெரிய வளைவுகளுக்கு முழு முள்ளெலும்புகளையே வெட்டி எடுத்து நிமிர்த்த வேண்டியிருக்கும். எல்லா வகையிலும் இதுவே ஆபத்து மிக்கது. சிலருக்கு அதற்கு முன் பல வாரங்கள் தலையில் வளையம் பொருத்தி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி மேல்நோக்கி இழுத்து, தண்டையும் நுரையீரலையும் பழக்கிக்கொள்கிறார்கள்.

இடுப்புக்கூட்டில் செய்யப்படுபவை

இடுப்பு ஒருபக்கம் உயர்ந்து தெரிவதற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: மேலே தண்டில், கூட்டிலேயே, அல்லது கீழே கால் நீளத்திலும் தொடை மூட்டிலும். தண்டின் கடைசி முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையே ஓர் அரை முள்ளெலும்பு இருந்தால், கோணம் சிறிதாயினும் உடல் முழுவதும் ஒருபுறம் பெயர்ந்து நிற்கும்; கீழே ஈடுகட்ட வேறு எலும்பு இல்லாததே காரணம். ஆகையால் அந்த இடத்தில் முன்னதாகவே அறுவை செய்ய நினைப்பார்கள்.

கூட்டின் குறைகளில் அடிக்கடி காணப்படுவது, தொடை எலும்பின் உருண்டைத் தலை அமரும் இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது. பெண் குழந்தைகளிலும், முதல் குழந்தைகளிலும், கருவில் பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளிலும் இது கூடுதல். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால், கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையே பெரும்பாலோருக்குப் போதும். குழந்தையை இடுப்பில் கால் இருபுறமும் விரிய அமர்த்தித் தூக்கும் நம் வழக்கம் கிண்ணத்துக்கு நல்லது. கால்களை நீட்டித் துணியால் இறுகச் சுற்றிக் கிடத்துவது கெடுதல். நடக்கத் தொடங்கிய பின் நொண்டுவதாலோ, ஒரு கால் குட்டையாகத் தெரிவதாலோ கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளுக்கு அறுவை தேவைப்படலாம். கனடாவின் ராபர்ட் சால்டர் 1961-இல் வெளியிட்ட முறையில், கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பைக் குறுக்கே வெட்டி, கிண்ணம் உள்ள கீழ்ப்பகுதியை முன்னும் வெளியேயுமாகத் திருப்பி, அந்த இடைவெளியில் அதே இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுத்த ஆப்பு வடிவத் துண்டை வைத்து ஊசிக்கம்பியால் நிறுத்துகிறார்கள். இதனால் தொடை எலும்பின் தலைக்கு மேல் கூரை நீட்டப்படுகிறது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் மார்பின் கீழிருந்து கால் வரை மாவுக்கட்டு இருக்கும்.

திருவெலும்பு இல்லாத குழந்தைகளில் தண்டுக்கும் கூட்டுக்கும் இடையே உறுதியான பிணைப்பு இல்லை. அமர்வதற்கே கைகளை ஊன்ற வேண்டிய நிலை சிலருக்கு ஏற்படும். தண்டைக் கம்பிகளால் கூட்டோடு பிணைத்து, நிமிர்ந்து உட்காரவும் கைகளை விடுவிக்கவும் உதவ முடியும். உருவாகாத நரம்புகளை எந்த அறுவையும் உருவாக்காது. இதைப் பெற்றோரிடம் முன்பே தெளிவாகச் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

சுருக்கமாக: தண்டில் காரணம் என்றால் தண்டையும், கிண்ணத்தில் காரணம் என்றால் கிண்ணத்தையும் திருத்துகிறார்கள், எது என்பது தெரியாமல் குட்டைக் காலுக்குச் செருப்பில் உயரம் வைத்துக்கொண்டே காலம் கடத்துவது பிழை.

உயரம் குறையுமா, கால் விளங்காமல் போகுமா

ஒவ்வொரு முள்ளெலும்பு அடுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.07 சென்டிமீட்டர் வளர்வதாகக் கணக்கிடுகிறார்கள். நான்கு வயதில் மூன்று அடுக்குகளை இணைத்து, இன்னும் பத்தாண்டு வளர்ச்சி மீதமிருந்தால், இழப்பு மூன்றையும் பத்தையும் 0.07-ஐயும் பெருக்கி வரும் 2.1 சென்டிமீட்டர். இணைக்காமல் விட்டாலோ அந்த வளர்ச்சி உயரமாக வராது, வளைவாகவே வரும். பத்து அடுக்குகளை இணைத்தால் இழப்பு பெரிது என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. குள்ளமாகிவிடும் என்ற அச்சம் நீண்ட இணைப்புக்குப் பொருந்தும். குறுகிய இணைப்புக்குப் பொருந்தாது.

நரம்புச் சேதம் உண்மையான அபாயம். அதை மறைப்பது அறமன்று. ஆயினும் அது முன்பைவிடக் குறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. அறுவையின்போது காலில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து அது மூளையை அடைகிறதா என்றும், தலையில் தூண்டி அது கால் தசையை அடைகிறதா என்றும் தொடர்ந்து பார்க்கிறார்கள். சமிக்ஞை குறைந்தால் நிமிர்த்துவதை உடனே தளர்த்துவார்கள். இந்த நரம்புக் கண்காணிப்பு அங்கே உண்டா, குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இதே அறுவையைக் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்கிறார்களா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. தொற்று, திருகாணி தளர்தல், கம்பி முறிதல், மறு அறுவை ஆகியவையும் நேரக்கூடியவை. வளர்கம்பிகளில் இவை அடிக்கடி நேர்கின்றன.

முன்னும் பின்னும்

பிறவிக் குறைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன; பரிசோதனையும் பரிந்துரையும் அங்கே தொடங்கலாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், கேரளத்தில் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா திட்டமும் உள்ளன. எந்த மாநிலத்து அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும், கம்பிக்கும் திருகாணிக்குமான செலவு அதில் அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டுப் பெறுவது, எல்லையின் இருபுறமும் வாழ்பவர்களுக்கு மிகவும் தேவை.

அறுவைக்கு முன் இரத்தச்சோகையைச் சரிசெய்து, எடையை ஏற்றிக்கொள்வது காயம் ஆற உதவும். அரை முள்ளெலும்பை அகற்றிய பின் குழந்தை சில நாட்களில் எழுந்து நடக்கும். சில மாதங்கள் கவசம் அணிய வேண்டியிருக்கலாம். எலும்பு ஒட்டும் வரை தடவுவதும் எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது. மாவுக்கட்டில் இருக்கும் குழந்தையின் கால்விரல்கள் நீலமாகவோ வீங்கியோ தெரிந்தாலும், கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலும், முதுகு அறுவைக்குப் பின் காய்ச்சலோ, காலில் புதிய பலவீனமோ, சிறுநீர் அடைப்போ வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலும்பு ஒட்டிய பின் கம்பிகளையும் திருகாணிகளையும் பெரும்பாலும் உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஆயினும் கண்காணிப்பு அத்துடன் முடிவதில்லை. பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ பதினைந்து வயது வரையிலும், ஆண் குழந்தைகளுக்குப் பதினேழு வரையிலும், எலும்பு வளர்ச்சி நின்றதை எக்ஸ்ரே காட்டும் வரை, பருவ வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் பழைய படங்களோடு போய்க் காட்டிவர வேண்டும்.